ஒரு வசனம், ஒரு வாரம்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிக்கிற வேதபாடங்களிலிருந்து ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொள்ள வேண்டும், அடுத்த ஞாயிறு கோயில் மணி அடிப்பதற்குள் அதைச் செய்து பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான். போன அட்வெந்து காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களில்) தொடங்கினேன், இன்னும் விடவில்லை. நாற்பது வயதுக்கு மேல் என் விசுவாச வாழ்க்கையில் ஒரு அசைவு தெரிகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததே சபைக்குள்தான். ஞாயிறு பள்ளி, வசனப் போட்டி, விடுமுறை வேதாகமப் பள்ளி, திடப்படுத்தல், வாலிபர் ஐக்கியம், பாடகர் குழு என்று ஒன்றையும் விடாமல் வந்தவள். பாமாலைகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுவேன். இப்படி வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு: எல்லாமே கேட்ட வசனமாக இருப்பதால் எதுவும் உள்ளே போய்த் தைப்பதில்லை. "நீங்கள் உங்களை வஞ்சியாதபடிக்குத் திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, அதின்படி செய்கிறவர்களாயும் இருங்கள்" என்று யாக்கோபு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பவன் ஊரை ஏமாற்றுகிறான் என்று அவர் சொல்லவில்லை, தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான் என்கிறார். வாராவாரம் பிரசங்கம் கேட்டுவிட்டு, போதகரிடம் "இன்னைக்கு நல்லா இருந்துச்சு ஐயரே" என்று கைகொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு சாப்பிட்டுத் தூங்குகிற நம் எல்லோருக்கும் இது பொருந்தும்.

ஏன் ஒரு வாரம் என்று கேட்கலாம். ஜனவரி முதல் தேதி எடுக்கிற தீர்மானங்கள் பற்றி எல்லோருக்கும் தெரியும். வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்று நான்கு வாசித்தால் வருடத்தில் முடித்துவிடலாம் என்று அட்டவணையோடு உட்காருவோம், ஆதியாகமமும் யாத்திராகமமும் நன்றாகப் போகும், லேவியராகமம் வந்ததும் வேகம் குறையும். அதைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி வாசித்திருக்கிறேன், அதில் எனக்குக் கிடைத்தது நிறைய. ஆனால் வருடம் என்பது ரொம்பத் தூரம். ஒரு நாள் என்பதோ ரொம்பக் குறைவு, ஒரு நாள் நல்லவளாக இருப்பது யாருக்கும் முடியும். ஒரு வாரத்துக்குள் அலுவலகத்தின் திங்கட்கிழமை வருகிறது, வீட்டில் தண்ணீர் வராத நாள் வருகிறது, யாரோ ஒருவர் நம்மைச் சீண்டுகிற நாளும் தவறாமல் வருகிறது. வசனம் அத்தனையையும் தாண்டி வர வேண்டும்.

முதலில் எடுத்தது ஜெபம். "எல்லா மனுஷருக்காகவும் விண்ணப்பங்களையும் ஜெபங்களையும் வேண்டுதல்களையும் ஸ்தோத்திரங்களையும் பண்ணவேண்டும்" என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். எனக்கு வீட்டில் காலையில் உட்கார்ந்து ஜெபிக்க நேரம் குறைவு, ஆனால் தினமும் குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை மின்சார ரயிலில் போகிறேன். பல்லாவரத்தில் தொடங்கி எண்ணினால் பத்து நிலையங்கள். நிலையத்துக்கு ஒரு ஆள் என்று வைத்துக்கொண்டேன். பல்லாவரம் அம்மாவுக்கு, திரிசூலம் வீட்டுக்காரருக்கு, மீனம்பாக்கம் துபாயில் இருக்கும் தம்பிக்கு (விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் அவன் ஞாபகம் தானாக வரும்). பரங்கிமலையை என் மகனுக்கு வைத்தேன். கல்லூரியில் சேர்ந்த பிறகு அவன் நிறையக் கேள்வி கேட்கிறான், உயிர்த்தெழுதல் நிஜமாகவே நடந்ததா என்று சாப்பாட்டு மேசையில் கேட்கிறான். அந்த மலையில்தான் இயேசுவின் சீடர் தோமா இரத்தசாட்சியாக மரித்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். காயத்தில் விரலைப் போட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்ன அதே தோமா. அவரை ஆண்டவர் விரட்டிவிடவில்லை, வந்து தொட்டுப் பார் என்றார், பிறகு அந்த வாயிலிருந்தே "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று வந்தது. ரயில் அந்த நிலையத்தில் நிற்கும் அரை நிமிடத்தில் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஆண்டவரே, அவனுக்கும் உம்முடைய கையைக் காட்டும்.

மாம்பலத்துக்கு யாரை வைப்பது என்று தெரியாமல் இருந்தது. பெண்கள் பெட்டியில் என்னோடு தினமும் வந்து மாம்பலத்தில் கூடையோடு இறங்குகிற பூக்காரம்மா ஒருவர் உண்டு. மடியில் மல்லிகையைக் கொட்டி வைத்துக்கொண்டு, பார்வை ஜன்னலுக்கு வெளியே இருக்க, விரல்கள் மட்டும் கட்டிக்கொண்டே இருக்கும். அவருக்காக ஜெபிக்கலாம் என்று தோன்றியது, ஆனால் பெயர் தெரியாது. கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"சும்மா, ஜெபத்துல சொல்றதுக்குத்தான்."

அவர் நாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப எம் பொண்ணு பேரையும் சேத்துக்கம்மா. கல்யாணமாயி அஞ்சு வருசம் ஆவுது, இன்னும் கொழந்த தங்கல."

பல வருடங்களாகப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறோம், அன்றைக்குத்தான் அவர் வீட்டுக் கவலை எனக்குத் தெரிந்தது. அந்த வாரம் முடிந்த பிறகும் நிலைய ஜெபம் நிற்கவில்லை. மாம்பலத்தில் இரண்டு பெயர்கள்.

அடுத்து நான் எடுத்ததில் என்னை அதிகம் மாற்றியது யாக்கோபின் இன்னொரு வசனம். "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்." ஒரு வாரம் முழுக்க யார் பேசினாலும் அவர்கள் முடிக்கிற வரை நடுவில் பேசக்கூடாது. அலுவலகத்தில் இது சுலபம், அங்கே மரியாதைக்காகவாவது வாயை மூடிக்கொண்டு இருப்போம். வீட்டில்தான் சோதனை. என் மாமியார் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர், எண்பதைத் தொடப் போகிறார், அவரிடம் இருக்கும் கதைகளை எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டு முடித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தோம். அசனப் பண்டிகைக்கு ஆட்டுக்கறி எப்படி அண்டா அண்டாவாகக் கொதிக்கும், யார் யார் விறகு வெட்டுவார்கள், பந்தியில் ஜாதி வித்தியாசம் பார்க்காமல் ஊரே எப்படி உட்காரும் என்று தொடங்குவார், நாங்கள் "ஆமா அத்தை, சொல்லியிருக்கீங்க" என்போம், அவரும் நிறுத்திவிடுவார்.

அந்த வாரம் அப்படிச் சொல்லாமல் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அசனம் முடிந்தது, யாரோ கிணற்றில் விழுந்த கதை முடிந்தது, அதற்குப் பிறகு இதுவரை நான் கேட்காத இடத்துக்கு வந்தார். "எங்கம்மா ஒலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு பிடி எடுத்து, மூலையில ஒரு மம்பானை இருக்கும், அதுல போடுவா. ஞாயித்துக்கெழம அதக் கொண்டுபோய்க் கோயில்ல கொட்டிட்டு வருவா. பஞ்சம் வந்தப்பக்கூட பிடி சின்னதாச்சே ஒழிய நிக்கலம்மா."

கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று கேள்விப்பட்டிருக்கிறேன், தெற்கே பல சபைகள் இப்படிச் சேர்ந்த அரிசியில் வளர்ந்தவைதான். ஆனால் அது என் கணவரின் பாட்டி வீட்டு அடுப்பங்கரையில் நடந்தது என்று தெரியாது. நான் ஏதோ புதிதாக ஒரு பயிற்சியைத் தொடங்கியிருக்கிறேன் என்ற நினைப்பே அதற்குப் பிறகு எனக்கு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா, ஒரு நாளைக்கு இரண்டு முறை, கையை அரிசிக்குள் விட்டு ஆண்டவரை நினைத்திருக்கிறார், ஞாயிறுக்கு ஞாயிறு கணக்கு முடித்திருக்கிறார். வாரம் என்ற அளவு நம்முடைய முன்னோர்களுக்கே தெரிந்திருந்தது.

சரி, அதையே ஒரு வாரம் செய்வோம் என்று அத்தையிடமே சொன்னேன். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம் என்று சொல்லி, பரண்மேல் கிடந்த பழைய பித்தளைத் தூக்குச்சட்டியை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி அவரே கொடுத்தார். வீட்டில் நான்கு பேர், வேளைக்கு நான்கு பிடி. வாரக் கடைசியில் இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் சேர்ந்துவிட்டது. சமைத்த சோற்றில் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்பதுதான் அந்த வாரத்து வசனம், ஆகவே அரிசி யார் வீட்டுக்குப் போனது என்று எழுத மாட்டேன். இப்போது அத்தைதான் தூக்குச்சட்டிக்குப் பொறுப்பு.

எல்லா வாரமும் இப்படி நிறைவாக இருக்காது. காலையில் வேதம் வாசிக்கும் வரை போனைத் தொடுவதில்லை என்று ஒரு வாரம், 119ஆம் சங்கீதத்தில் ஒரு பகுதியை மனப்பாடம் செய்வது என்று ஒரு வாரம். (அந்தச் சங்கீதத்தின் 176 வசனங்களும் எபிரெய எழுத்துகள் 22-க்கும் எட்டெட்டாகப் பிரித்து எழுதப்பட்டவை, மனப்பாடம் செய்வதற்கென்றே அமைத்தது போல இருக்கும், முயன்று பாருங்கள்.) ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டை விட்டேன். எங்கள் பக்கம் நாற்பது நாளும் கறி மீன் தொடாதவர்கள் நிறையப் பேர், அவர்கள் முன்னால் இது ஒன்றுமே இல்லை. இருந்தாலும் மூன்று மணிக்குப் பசி ஏறின நேரத்தில், "பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு" என்று ஏசாயா 58-இல் உபவாசத்தைப் பற்றிச் சொல்லியிருப்பது ஏன் என்று வயிற்றுக்கே விளங்கியது.

கடினமான வாரத்துக்கு வருகிறேன். மத்தேயு ஐந்தாம் அதிகாரம். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறைவுண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொல்கிறார். இதை அவர் சொன்ன இடம் கலிலேயா. பலிபீடம் இருந்ததோ எருசலேமில். நடுவில் நூறு கிலோமீட்டருக்கும் மேல், நடந்துதான் போக வேண்டும், குறைந்தது மூன்று நாள் நடை. அப்படியென்றால் காணிக்கையை வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, சமாதானம் பேசி, மறுபடி எருசலேமுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும். ஆண்டவர் சொன்னதன் பாரம் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆராதனை காத்திருக்கட்டும், நீ முதலில் போ என்கிறார்.

எனக்கும் என் தங்கைக்கும் அப்பாவின் வீட்டை விற்ற நாளிலிருந்து சரியாகப் பேச்சு இல்லை. கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் சிரிப்போம், வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து போடுவோம், அதற்கு மேல் கிடையாது. யார் பக்கம் நியாயம் என்று இரண்டு பக்கமும் உறவினர்கள் பேசித் தீர்த்துவிட்டார்கள். இந்த வசனம் நியாயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதை அந்த வாரம் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு அவள் மேல் குறை இருக்கிறதா என்ற கேள்வியே அங்கே இல்லை. அவளுக்கு என் மேல் குறை இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. இருக்கிறது.

திங்கட்கிழமை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. புதன்கிழமை இரவு அவளே கூப்பிட்டாள், எடுத்தவுடன் பதறிப்போய், "என்னக்கா, எல்லாரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்றாள். நான் கூப்பிட்டிருந்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிற அளவுக்கு நாங்கள் விலகிப்போயிருந்தோம். ஒன்றும் இல்லை, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். அவளுடைய முட்டிவலி, பிள்ளையின் டியூஷன், அம்மாவின் கண்ணுக்குப் புரை அறுவை எப்போது என்று பேசினோம். வீட்டைப் பற்றி இருவருமே எடுக்கவில்லை. வைக்கப் போகும்போது அவள், "அக்கா, அடுத்த மாசம் மெட்ராஸ் வருவேன், உங்க வீட்டுக்கு வரட்டா?" என்று கேட்டாள். வா என்று சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முழு ஒப்புரவு இன்னும் ஆகவில்லை, பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த ஞாயிறு திருவிருந்துக்குப் போய் மண்டியிட்டபோது நான் வேறு மாதிரி மண்டியிட்டேன் என்று மட்டும் சொல்ல முடியும்.

இதில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. வாசிப்பு, ஜெபம், மனப்பாடம் என்று நானும் ஆண்டவரும் மட்டும் இருக்கிற வாரங்கள் நல்ல வாரங்கள்தான். ஆனால் இன்னொரு மனிதரிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்திய வாரங்களில்தான் நான் உண்மையாக ஜெபித்தேன், ஏனென்றால் அங்கே என் சொந்தப் பலம் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று தெரிகிறது. செவ்வாய்க்கிழமைக்கே தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு சனிக்கிழமை வரை கிருபையில்தான் ஓட்ட வேண்டும்.

கிருபை என்றதும் சிலர் கேட்பார்கள், ஒரு நண்பர் என்னிடம் நேராகவே கேட்டார்: இப்படி வாராவாரம் சவால் வைத்துக்கொள்வது கிரியைகளால் நீதிமானாகப் பார்ப்பது, அதாவது நம் நற்செயல்களாலேயே இரட்சிப்பைச் சம்பாதிக்கப் பார்ப்பது ஆகாதா? நல்ல கேள்வி. லூக்கா 18-இல் பரிசேயன் ஆலயத்தில் நின்று சொல்கிற பட்டியலில் முதல் சாதனையே "வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்" என்பதுதான். மோசேயின் நியாயப்பிரமாணம் உபவாசத்துக்குக் கட்டளையிட்டது வருடத்தில் ஒரே ஒரு நாள், பாவநிவிர்த்தி நாள். அவன் வாரத்துக்கு இரண்டு என்று ஏற்றிக்கொண்டான். ஆண்டவர் அவன் உபவாசத்தைத் தப்பு என்று சொல்லவில்லை, ஆதித் திருச்சபையும் புதனும் வெள்ளியும் உபவாசித்தது. பக்கத்தில் நின்ற ஆயக்காரனை (வரி வசூலிப்பவனை) காட்டி "இவனைப்போல நான் இல்லை" என்று அந்த உபவாசத்தின் மேல் ஏறி நின்றதுதான் அவனைக் கெடுத்தது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்" என்பது எனக்கு முதலில் வருகிறது, அது ஏற்கெனவே முடிந்த காரியம். முயற்சி அதற்குப் பிறகு வருவது. "தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு" என்று அதே பவுல்தான் எழுதினார், உடற்பயிற்சியோடு ஒப்பிட்டும் சொன்னார்.

என்னோடு வேலை பார்க்கும் கத்தோலிக்கத் தோழி, லயோலா கல்லூரியில் படித்தவள், ஒரு மதியம் இதைப் பற்றிப் பேசும்போது இயேசு சபைத் துறவிகளின் சபையைத் தொடங்கிய லயோலா இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னாள். அவர்கள் கல்லூரிக்கே அவர் பெயர்தான். 1548-இல் வெளியான அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நான்கு 'வாரங்களாக'ப் பிரிக்கப்பட்டவை. அதிலே ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கோடு போட்டு, தினமும் இரண்டு தடவை தன்னைச் சோதித்துப் பார்த்து, விழுந்த இடங்களுக்கெல்லாம் புள்ளி வைத்து, இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடச் சொல்கிறார். ஒன்றே ஒன்று, அதுதான் முக்கியம் என்றாள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. கலாத்தியரில் ஆவியின் கனி ஒன்பது குணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது, ஒன்பதையும் ஒரே வாரத்தில் பிடிக்கப் போனால் ஒன்றும் கையில் நிற்காது.

தனியாகச் செய்யாதீர்கள் என்றும் சொல்வேன். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1742-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தொடங்கிய வகுப்புக் கூட்டங்களில் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரையும் பார்த்து உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். 1947 செப்டம்பர் 27 அன்று நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெத்தடிஸ்ட் சபைகளும் வந்து சேர்ந்தன, ஆகவே இதுவும் நம் வீட்டுச் சொத்துதான். எனக்குப் பன்னிரண்டு பேர் இல்லை, பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்கும் ஒரு அக்கா இருக்கிறார். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து வெளியே வரும்போது, "இந்த வாரம் என்னாச்சும்மா?" என்பார், உள்ளதைச் சொல்வேன், அவருடையதையும் கேட்பேன். ஐந்து நிமிடம் போதும். அந்த அக்காவுக்குத் தெரிந்ததில் பாதிகூட இங்கே நான் எழுதவில்லை, எழுதவும் கூடாது.

தொடங்க நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த வரை: ஞாயிறு பாடங்களிலிருந்தே எடுங்கள், நமக்குப் பிடித்த வசனத்தை நாமே தேடினால் நம் வசதிக்குத் தகுந்த மாதிரிதான் கண்ணில் படும். "அன்பாக இருப்பேன்" என்று வைத்துக்கொள்ளாதீர்கள், யாரிடம், எப்போது, எதைச் செய்து என்று முடிவு பண்ணுங்கள். புதன்கிழமை விட்டுப்போனால் வியாழக்கிழமை மறுபடி எடுங்கள், அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டாம். அப்புறம், சமைக்கிற கை, பஸ்ஸில் நிற்கிற கால் இதிலெல்லாம் செய்ய முடிகிறதாக எடுங்கள். மணிக்கணக்கில் தனியறை கிடைக்கிற வாழ்க்கை நம்மில் பலருக்கு இல்லை.

போன ஞாயிறு ரோமர் பன்னிரண்டாம் அதிகாரம் வாசித்தார்கள். "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்." எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் மாடி அம்மாவின் கணவர் தவறிப் பதினாறு நாள் காரியமும் முடிந்துவிட்டது, வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். இனிமேல்தான் அவர் தனியாக இருக்கப்போகிறார். வியாழக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் இட்லி எடுத்துக்கொண்டு வருகிறேன், சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். அத்தையும் வருகிறார்.